கிளினிக் மருந்தின் வேலையைக் கெடுக்கும் சத்துக் குளிசைகள்: வலிப்பு, மனஅழுத்தம், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வடக்கு, கிழக்கில் பல வீடுகளில் இரண்டு வகையான குளிசைகள் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒன்று, அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதாமாதம் கொடுக்கப்படுபவை. மற்றையது, கனடா, ஜேர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து போன்ற நாடுகளிலிருந்து உறவுகள் பார்சலில் அனுப்பும் சத்துக் குளிசைகள்: விற்றமின், மீனெண்ணெய், மஞ்சள் குளிசை, ஞாபகசக்திக் குளிசை, "மனதுக்கு அமைதி தரும்" மூலிகைக் குளிசை. முதலாவதை மருந்து என்கிறோம். இரண்டாவதைச் சாப்பாட்டின் ஒரு பகுதியாகவே பார்க்கிறோம். அதனால் அதைப் பற்றி வைத்தியரிடம் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த மௌனம் சிலருக்கு ஆபத்தாக முடியலாம். போரில் தலையில் எறிகணைச் சிதறல் பட்டு, அதன் பின் வலிப்புக்காகப் பல வருடங்களாக மருந்து எடுப்பவர்கள், இழப்பின் பின்னான மனஅழுத்தத்துக்குச் சிகிச்சை பெறுபவர்கள், இதய வால்வு மாற்றிக் குருதி உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆகியோர் இதில் முதன்மையானவர்கள். இவர்களின் மருந்துகள் குருதியில் குறிப்பிட்ட ஓர் அளவில் நிற்க வேண்டும். அந்த அளவு குறைந்தால் நோய் திரும்பும். கூடினால் மருந்தே நஞ்சாகும். சில சத்துக் குளிசைகள் இந்த அளவை மாற்றுகின்றன.

உடல் மருந்தை எப்படி அகற்றுகிறது?

நாம் விழுங்கும் குளிசை குடலில் கரைந்து, குருதிக்குள் சென்று, முதலில் ஈரலை அடைகிறது. உடலைப் பொறுத்தவரை மருந்தும் ஒரு வெளிப்பொருள்தான். அதை உடைத்து, நீரில் கரையக்கூடியதாக்கி, சிறுநீர் அல்லது மலத்துடன் வெளியேற்றுவதே ஈரலின் வேலை. இந்த வேலையைச் செய்பவை நொதியங்கள்.

இவற்றுள் முக்கியமானது சைற்றோகுறோம் பி450 என்ற நொதியக் குடும்பம். காபனோரொட்சைட்டுடன் சேரும்போது 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை இது உறிஞ்சுகிறது. பெயரில் உள்ள எண் அதிலிருந்து வந்தது. இக்குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. 3ஏ4 எனப்படும் நொதியம் ஈரலிலும் குடற்சுவரிலும் இருந்து, பாவனையில் உள்ள மருந்துகளில் பெரும் பங்கை உடைக்கிறது. 2சி9 என்பது வார்பரினையும் வலிப்பு மருந்தான பெனிற்றோயினையும் உடைக்கிறது. 2சி19, 2டி6 என்பன வேறு சில மருந்துகளைக் கவனிக்கின்றன.

எல்லா மருந்தும் இந்த வழியில் செல்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெற்போமின் ஈரலில் உடைக்கப்படாமல் சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. ஆகவே ஒரு சத்துக் குளிசை ஒருவருக்குப் பிரச்சினை தராமல் இருந்தது என்பதற்காக, வேறு மருந்து எடுக்கும் அயலவருக்கும் அது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

இரண்டு வகையான தலையீடு

ஒரு சத்துக் குளிசை இந்த நொதியங்களை இரண்டு விதமாகப் பாதிக்கலாம்.

முதலாவது தூண்டல். ஈரல் வழமையிலும் கூடுதலாக நொதியங்களை உற்பத்தி செய்யும். மருந்து வேகமாக உடைந்து வெளியேறும். குருதியில் அதன் அளவு குறையும். நோயாளி ஒரு நேரமும் தவறாமல் குளிசை எடுத்தாலும், பாதி எடுத்தவர் போல ஆகிவிடுவார். இது உடனே நடப்பதில்லை. சில நாட்கள் முதல் இரண்டு கிழமை வரை பிடிக்கும்.

இரண்டாவது தடுத்தல். நொதியம் வேலை செய்ய முடியாமல் போகும். மருந்து உடையாமல் குருதியில் தேங்கும். ஒரு குளிசை எடுத்தவருக்கு இரண்டு, மூன்று எடுத்தது போன்ற விளைவு ஏற்படலாம். இது சில மணித்தியாலங்களிலேயே தொடங்கக்கூடும்.

நொதியத்தை மாற்றும் பொருள் மூலிகையா, இரசாயனமா என்பதை ஈரல் பார்ப்பதில்லை. "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்ற விளம்பர வாசகம் இங்கே பொருளற்றுப் போகிறது.

மனச்சோர்வுக்கான மூலிகை: சென். ஜோன்ஸ் வோர்ட்

இந்தத் துறையில் மிக நன்றாக ஆராயப்பட்ட மூலிகை சென். ஜோன்ஸ் வோர்ட். மஞ்சள் நிறப் பூப்பூக்கும் ஐரோப்பியச் செடி இது. மனச்சோர்வு, நித்திரையின்மை ஆகியவற்றுக்காக விற்கப்படுகிறது. ஜேர்மனியிலிருந்து வரும் பெட்டிகளில் யோஹானிஸ்குறவுட் என்றும், பிரான்சிலிருந்து வருபவற்றில் மில்பெர்த்துயி என்றும், தாவரவியல் பெயராக ஹைப்பெரிக்கம் என்றும் இருக்கும். பெயர் வேறானாலும் பொருள் ஒன்றே.

இதிலுள்ள ஹைப்பர்போரின் என்ற பொருள் 3ஏ4 உட்படப் பல நொதியங்களைத் தூண்டுகிறது. 2000 ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வைத்திய உலகை விழிக்கச் செய்தன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆரோக்கியமான 8 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், எச்.ஐ.வி. மருந்தான இந்தினாவிரின் அளவு இந்த மூலிகையால் குருதியில் சராசரியாக 57 வீதம் குறைந்தது. அதே காலத்தில், சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் இதயம் மாற்றப்பட்ட இருவருக்கு, இந்த மூலிகையை எடுக்கத் தொடங்கிய பின் சைக்குளோஸ்போரின் மருந்தின் அளவு வீழ்ந்து, மாற்றப்பட்ட இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்திய பின்னரே மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்தது.

சிறுநீரகம் மாற்றிச் சைக்குளோஸ்போரின் அல்லது ரக்ரோலிமஸ் எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். வார்பரின் எடுப்பவருக்கு இந்த மூலிகையால் குருதி உறையும் ஆபத்துக் கூடும். கருத்தடைக் குளிசையோ, கையில் வைக்கப்படும் கருத்தடை உள்வைப்போ பலனின்றிப் போய், எதிர்பாராத கர்ப்பம் ஏற்படலாம். 2014 இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது.

மனநலக் கிளினிக்கில் புளுவொக்செற்றின், சேர்ற்றலின் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த மருந்துகளும் அந்த மூலிகையும் மூளையில் செரற்றோனின் என்ற பொருளைக் கூட்டுபவை. சேர்த்து எடுத்தால் அது அளவு மீறலாம். நடுக்கம், கடும் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம், காய்ச்சல், குழப்பம் ஆகியன அறிகுறிகள். நோ மருந்தான ட்ரமடோலுடனும் இதே ஆபத்து உண்டு.

தலைக்காயமும் ஞாபகசக்திக் குளிசையும்

தலையில் ஊடுருவும் காயம் பட்டவர்களுக்கு வலிப்பு ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். வியட்நாம் போரில் அவ்வாறு காயமடைந்த 421 அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, 15 வருடங்களுக்குள் அவர்களில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு வலிப்பு ஏற்பட்டிருந்தது. காயம் பட்டுப் பல வருடங்கள் கழிந்த பின் முதல் வலிப்பு வந்தவர்களும் இருந்தனர். எமது மண்ணில் 2009 இல் காயமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

தலைக்காயத்தின் இன்னொரு விளைவு மறதி. "ஞாபகசக்திக்கு நல்லது" என்று ஜிங்கோ இலைச் சாற்றில் செய்த குளிசையை உறவுகள் அனுப்புவது இதனால்தான். அன்பினால் செய்யப்படும் காரியம் அது. ஆனால் ஜிங்கோ 2சி19 நொதியத்தைத் தூண்டக்கூடியது. பெனிற்றோயினை உடைப்பதில் இந்த நொதியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அத்துடன் ஜிங்கோவில், குறிப்பாக அதன் விதையில், வலிப்பைத் தூண்டக்கூடிய பொருளும் இருக்கிறது.

2005 இல் அமெரிக்காவில் ஒரு மரணம் மருத்துவ இதழில் பதிவானது. பெனிற்றோயினும் வல்புரோவேற்றும் எடுத்துவந்த 55 வயதான ஒருவர் வலிப்பு ஏற்பட்டு இறந்தார். அவர் ஜிங்கோவும் வேறு சில மூலிகைகளும் சேர்த்து எடுத்திருந்தார். அவரது குருதியில் இரண்டு மருந்துகளின் அளவும் தேவையானதை விடக் குறைவாக இருந்தன. ஒரு மரணத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. எனினும் வலிப்பு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஜிங்கோவைத் தொடக்கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

மஞ்சள், மிளகுக் குளிசைகள்

மஞ்சளும் மிளகும் எமது குசினியில் இல்லாத நாள் இல்லை. குளிசையாக வரும்போது அவற்றின் தன்மை மாறுகிறது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் உடலில் இலகுவில் சேர்வதில்லை. ஈரலும் குடலும் அதை உடனே வெளியேற்றிவிடும். இதனால் உற்பத்தியாளர்கள் மிளகிலுள்ள பிப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998 இல் பெங்களூரில் நடத்தப்பட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்தபோது, மனிதரின் குருதியில் சேரும் குர்க்குமின் 2,000 வீதத்தால் கூடியது.

பிப்பரின் இதைச் சாதிப்பது வெளியேற்றும் நொதியங்களைத் தடுப்பதால்தான். அந்தத் தடை மஞ்சளுக்கு மட்டும் என்று இல்லை. இந்தியாவில் வலிப்பு நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 20 மில்லிகிராம் பிப்பரின் ஒருமுறை கொடுத்ததிலேயே குருதியில் பெனிற்றோயின் அளவு உயர்ந்தது. பெனிற்றோயின் மிகவும் நுட்பமான மருந்து. அதை உடைக்கும் நொதியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அருகில் இருப்பவருக்குச் சிறு மாற்றமும் பெரிய ஏற்றத்தைத் தரும். நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல், அளவு மீறிய நித்திரை ஆகியன அதன் அறிகுறிகள்.

அப்படியானால் ரசம் குடிக்கலாமா? குடிக்கலாம். வழமையான சாப்பாட்டோடு நீங்கள் இருந்தபோதுதான் வைத்தியர் உங்கள் மருந்தின் அளவைத் தீர்மானித்தார். பிரச்சினை தருவது திடீர் மாற்றம். புதிதாகத் தொடங்கும் குளிசையோ, நாளாந்தம் குடிக்கத் தொடங்கும் கனமான மிளகுக் குடிநீரோ அந்தச் சமநிலையைக் குழப்பலாம்.

செறிவூட்டிய மஞ்சள் குளிசைகள் சிலருக்கு ஈரலையே பாதித்துள்ளன. 2022 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவ்வாறான 10 பேரைப் பற்றி எழுதினர். ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார். கண் மஞ்சளாதல், சிறுநீர் கடும் நிறமாதல், பசியின்மை ஆகியன தோன்றினால் உடனே குளிசையை நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அதிமதுரத்திலும் கவனம் தேவை. அது உடலின் வேறொரு நொதியத்தைத் தடுத்து, உப்பையும் நீரையும் தேக்கி, குருதி அமுக்கத்தைக் கூட்டி, பொற்றாசியத்தைக் குறைக்கும். அமுக்கத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடர்ந்து எடுப்பது நல்லதல்ல.

பழம் ஒன்றால் வந்த கண்டுபிடிப்பு

உணவு மருந்தின் அளவை இவ்வளவு மாற்றும் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டேவிட் பெய்லி என்பவரும் அவரது குழுவினரும், அமுக்க மருந்தான பெலோடிபினையும் மதுசாரத்தையும் ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்கக் கிறேப்புறூட் பழச்சாறு கொடுத்தார்கள். மருந்தின் அளவு எதிர்பார்த்ததை விடப் பலமடங்கு உயர்ந்தது. காரணம் மது அல்ல, பழச்சாறு. இது 1991 இல் வெளியானது. இந்தப் பழத்திலுள்ள பொருட்கள் குடற்சுவரின் 3ஏ4 நொதியத்தை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கின்றன. புதிய நொதியம் உருவாகும் வரை, அதாவது ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் வரை, விளைவு நீடிக்கும். காலையில் பழமும் இரவில் குளிசையும் எடுத்தாலும் தப்ப முடியாது.

வலிப்புக்குக் கொடுக்கப்படும் காபமசெப்பின் இந்தப் பழச்சாற்றுடன் ஏறத்தாழ 40 வீதம் கூடியதாக ஓர் ஆய்வு காட்டியது. கொலஸ்ரரோலுக்கான சிம்வாஸ்ரற்றின் அளவு கூடினால் தசை சேதமாகும். எமது ஊரில் கிடைக்கும் பம்பளிமாசிலும் இதே வகைப் பொருட்கள் உண்டு. சாதாரண தோடம்பழத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

விற்றமின்களும் கனிமங்களும்

பி6 விற்றமினை அதிக அளவில் எடுத்தால் பெனிற்றோயின், பீனோபாபிற்றோன் ஆகியவற்றின் அளவு குறையலாம். போலிக் அமிலமும் அதிக அளவில் பெனிற்றோயினைக் குறைக்கும். ஆனால் இதே விற்றமின்களை வைத்தியர்கள் தேவையறிந்தும் கொடுக்கிறார்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவருக்கு நரம்புப் பாதிப்பைத் தடுக்க பி6 கொடுக்கப்படுகிறது. வலிப்பு மருந்து எடுக்கும் பெண்களுக்கு, கருத்தரிக்க முன்னரே போலிக் அமிலம் கொடுக்கப்படுகிறது. கிளினிக்கில் தந்தவற்றை இக்கட்டுரையை வாசித்துவிட்டு நிறுத்தக்கூடாது. அவை கணக்கில் எடுக்கப்பட்டவை. கணக்கில் இல்லாதவைதான் ஆபத்தானவை.

கல்சியமும் இரும்புச்சத்தும் நொதியங்களைத் தொடுவதில்லை. அவை குடலில் மருந்துடன் ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போகவிடாமல் தடுக்கின்றன. தைரொயிட்டுக்கான தைரொக்சின் குளிசைக்கும் இவற்றுக்கும் இடையில் 4 மணித்தியால இடைவெளி வேண்டும். சிப்புறோபுளொக்சசின், டொக்சிசைக்கிளின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளையும் இவற்றுடன் சேர்த்து விழுங்கக் கூடாது.

நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு

பலர் அறியாத விடயம் இது. ஒருவர் வார்பரினுடன் சென். ஜோன்ஸ் வோர்ட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் பார்க்கும்போது மருந்து போதவில்லை என்று தெரிகிறது. மூலிகை பற்றி வைத்தியருக்குத் தெரியாது. ஆகவே வார்பரினைக் கூட்டுகிறார். அளவு சரியாகிறது. இரண்டு மாதங்களின் பின் பார்சலில் வந்த போத்தல் முடிகிறது. நோயாளி மூலிகையை நிறுத்துகிறார். ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் நொதியங்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. கூட்டிய வார்பரின் இப்போது உடையாமல் தேங்குகிறது. முரசிலும் மூக்கிலும் குருதி வடியலாம். மலம் கறுப்பாகப் போகலாம். மூளையிலும் குருதிக்கசிவு ஏற்படலாம்.

எனவே பல மாதங்களாக எடுத்துவந்த சத்துக் குளிசையையும், வைத்தியருக்குச் சொல்லாமல் திடீரென நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் முன்னதாகவே சென்று கேட்பது நல்லது. ஒவ்வாமை, மஞ்சட்காமாலை அல்லது மேலே சொன்ன செரற்றோனின் அறிகுறிகள் இருந்தால் மட்டும் உடனே நிறுத்திச் சிகிச்சைக்குச் செல்லவும்.

போத்தலில் என்ன பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சத்துக் குளிசைகளுக்கு விற்பனைக்கு முன் அரச அனுமதி தேவையில்லை. கனடாவில் அனுமதி பெற்ற இயற்கைச் சுகாதாரப் பொருட்களில் 8 இலக்க என்.பி.என். எண் இருக்கும். இங்கிலாந்தில் பதிவு பெற்ற மூலிகை மருந்துகளில் ரி.எச்.ஆர். அடையாளம் இருக்கும். இலங்கையில் 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை, மருந்துகளுடன் மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களையும் மேற்பார்வை செய்கிறது. இந்த அடையாளங்கள் தரத்தைப் பற்றிச் சொல்பவை. உங்கள் மருந்துடன் மோதாது என்ற உறுதியை அவை தருவதில்லை.

உடல் மெலிவதற்கும், ஆண்மைக்கும் என விற்கப்படும் குளிசைகளில் பெயர் சொல்லாமல் உண்மையான மருந்துகள் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவருக்கு, ஆண்மைக் குளிசையில் ஒளிந்திருக்கும் சில்டெனபில் உயிராபத்தாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சத்துக் குளிசை, மூலிகைக் குளிசை, சூரணம், லேகியம் என எதை எடுத்தாலும் அதன் பெயரையும் தொடங்கிய திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

2. போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். அதில் உள்ளது வேற்று மொழி என்றால் அனுப்பியவரிடம் கேட்டு, உள்ளடக்கப் பெயர்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வைத்தியருக்கு நேரமில்லாவிட்டால் மருந்தாளரிடம் காட்டலாம்.

3. சித்த அல்லது ஆயுள்வேத வைத்தியரிடம் செல்லும்போதும் கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். இரு பக்கத்துக்கும் முழு விபரம் தெரிய வேண்டும்.

4. நன்றாகக் கட்டுப்பட்டிருந்த வலிப்பு திரும்பினாலோ, சீனி, அமுக்கம், குருதி உறைதல் அளவு காரணமின்றி மாறினாலோ, கடந்த ஒரு மாதத்தில் புதிதாக என்ன தொடங்கினீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்று யோசியுங்கள். மருந்து சரியில்லை என்று நீங்களாகவே முடிவெடுத்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

5. சத்திரசிகிச்சைக்கு முன் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஜிங்கோ, மீனெண்ணெய், பூண்டுக் குளிசை ஆகியன குருதிப்போக்கைக் கூட்டலாம்.

6. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்ப முன் மீண்டும் வந்தால், 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியின் வாயில் எதையும் வைக்க வேண்டாம். சரித்துப் படுக்க வையுங்கள். வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பார்சல் கட்ட முன், ஊரில் இருப்பவரின் கிளினிக் கொப்பியின் மருந்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை உங்கள் ஊர் மருந்தகத்தில் காட்டி, வாங்கப்போகும் குளிசை அவற்றுடன் ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். மருந்தாளர் ஒத்துப்போகாது என்றால், அந்தப் பணத்தை ஊரில் உள்ளவரின் முட்டை, மீன், பழச் செலவுக்கு அனுப்புவது கூடுதல் பயன் தரும்.